மலைக்கோட்டையும் மந்தாகினியும்



திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர்க்கு மலைக்கோட்டை ஒரு வியப்பன்று. வெளியூரிலிருந்து திரும்பும் புகைவண்டியில், தொலைவில் அக்குன்று தோன்றியவுடன் மூட்டை முடிச்சுகளை எடுத்து வைக்கத் தொடங்குவோம். ஊர் வந்துவிட்டது என்பதற்கு அஃது ஓர் அடையாளம், அவ்வளவே. நாள்தோறும் காணும் பொருளை நாம் உண்மையில் காண்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் நிழலிலே வரலாறு கற்பித்த நானும் அதனைக் கண்டேன் அல்லேன். அதனைக் காணும் கண் எனக்குக் கிடைத்தது, ஆயிரம் கல்லுக்கும் அப்பால், இமயத்தின் மடியில், ஒரு ஹெலிகாப்டரின் கண்ணாடிச் சாளரத்தின் அருகே. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஆனால் கதை இமயத்தில் தொடங்கவில்லை. இவ்வூரின் ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது.

1984-ஆம் ஆண்டு. ஆசிரியப் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எட்டாம் வகுப்புக்குக் கர்நாடகப் போர்களைப் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முகமது அலி கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டது, சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையினரும் சூழ்ந்து நின்றது, 1752-ஆம் ஆண்டு சீரங்கத் தீவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது ஆகியவற்றைச் சுவையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பொழுது கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, மலைக்கோட்டை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததா?” என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இளமைச் செருக்கு அதற்கு இடம் தரவில்லை. “எரிமலையாக இருந்தால் உச்சிப் பிள்ளையார் அங்கே எப்படி அமர்ந்திருப்பார்?” என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனும் சிரிக்க முயன்று, முடியாமல் அமர்ந்தான். அந்த ஆண்டு முடியும் வரையில் அவன் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதற்பாடமே, மாணவன் கேட்கும் கேள்வி வகுப்பறைக்குக் கிடைத்த செல்வம் என்பதுதான். அந்தச் செல்வத்தை நான் சிரிப்புக்கு விற்றுவிட்டேன். பின்னர்த் தலைமையாசிரியன் ஆகி, மற்ற ஆசிரியர்களுக்கு அதே பாடத்தை எடுத்துரைத்த போதெல்லாம், அப்பையனின் முகம் என் முன்னே வந்து நின்றது.

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2019-இல், புரட்டாசித் திங்களில் நானும் என் மனைவியும் கேதாரநாதம் சென்றோம். கேதாரநாதர் கோயில் கடல் மட்டத்திற்கு மேல் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. கௌரிகுண்டத்திலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைவழியே ஏறவேண்டும். என் மனைவிக்கு மூட்டுவலி. ஆதலால், பாட்டா என்னும் சிற்றூரிலிருந்து புறப்படும் ஹெலிகாப்டரில் செல்ல முடிவு செய்தோம்.

அங்கே இறைவனைக் காண்பதற்கு முன் தராசைக் காண வேண்டும். பயணிகள் ஒவ்வொருவரையும் எடை பார்க்கிறார்கள். உயரே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைகிறது. சுழலும் இறக்கைகள் அழுத்தித் தள்ளுவதற்குக் காற்று குறைவாக இருப்பதால், அவை தூக்கக்கூடிய சுமையும் குறைகிறது. எனவே ஐந்தாறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. மேகம் இறங்கினால் பயணமும் இல்லை. நாங்கள் காலை ஆறு மணிக்குச் சென்று, பதினொரு மணி வரையில் காத்திருந்தோம்.

ஹெலிகாப்டர் என்னும் ஊர்தி மிகப் பழையதன்று. ஈகோர் சிகோர்ஸ்கி என்னும் அறிஞர் அமெரிக்காவில் தமது முதல் வெற்றிப் பொறியைத் தரையிலிருந்து சிறிதே மேலெழுப்பியது 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில். கயிற்றால் கட்டப்பட்டிருந்த அப்பொறி சில விநாடிகளே தரையை விட்டு உயர்ந்து நின்றது. இன்று ஐசுலாந்திலும் நியூசிலாந்திலும் அலாசுகாவிலும் மக்கள் எரிமலை வாய்களையும் பனியாறுகளையும் அதில் ஏறிச் சுற்றிப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் அத்தகைய காட்சியை எளிய மக்களும் ஓரளவு காணக்கூடிய இடம் இமயத்தின் இத்தகைய திருத்தலங்களே.

தரையை விட்டு எழுந்தோம். எல்லாம் பத்து நிமிடப் பயணந்தான். ஆயினும் அந்தப் பத்து நிமிடங்களில் நான் கண்ட பாடத்தைப் பத்து ஆண்டுகள் புத்தகத்தில் படித்தும் அறியவில்லை.

கீழே மந்தாகினி ஆறு ஓடுகிறது. தொடக்கத்தில் பள்ளத்தாக்கு ஒடுங்கி, இருபுறமும் சரிந்து, அடியில் கூர்மையாக இருந்தது. ஆற்று நீர் அறுத்த பள்ளம் அவ்வாறுதான் இருக்கும். இராம்பாரா என்னும் இடத்திற்கு மேலே செல்லச் செல்ல, அதே பள்ளத்தாக்கு வேறொரு வடிவம் கொண்டது. அடிப்பகுதி அகன்று, சமமாகி, பக்கச் சுவர்கள் செங்குத்தாக நிமிர்ந்தன. ஒரு பெரிய தொட்டியைப் போல ஆயிற்று. அதனை அவ்வாறு குடைந்தது நீரன்று, பனி. முன்னொரு காலத்தில் மலையிலிருந்து பல நூறு அடிக் கனமுள்ள பனிக்கட்டி, ஆறுபோல மெல்ல மெல்ல இறங்கிவந்து, அடியிலும் பக்கங்களிலும் பாறையைச் சுரண்டி அகற்றியது. பனி பின்வாங்கிவிட்டது, அது குடைந்த தொட்டி மட்டும் எஞ்சியது. நடந்து செல்வோன் கண்ணுக்கு ஒரு திருப்பமும் ஒரு பாறையுமே தெரியும். மேலிருந்து காண்போனுக்கு, நீர் எழுதிய எழுத்து எங்கே முடிகிறது, பனி எழுதிய எழுத்து எங்கே தொடங்குகிறது என்பது ஒரே பார்வையில் விளங்குகிறது.

பள்ளத்தாக்கின் தலைப்பில் சோராபாரி என்னும் பனியாறு. அதன் ஓரங்களில் கல்லும் மண்ணும் கரைபோல் குவிந்து கிடந்தன. பனியாறு தான் சுமந்து வந்த பொருளைத் தன் ஓரத்திலும் முகத்திலும் இறக்கிவைக்கும். சிறு கூழாங்கல்லும், மாட்டு வண்டி அளவு பாறையும், மாவு போன்ற மண்ணும் தரம் பிரியாமல் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். ஆறோ அவ்வாறு செய்யாது. கனமானதை மேலே விட்டு, நுண்ணியதைக் கீழே கொண்டு செல்லும். நம் காவிரியில் பாறையைக் காண முடிகிறதா? சீரங்கத்தில் மணலையே காண்கிறோம் அன்றோ! இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது நமக்கு வேண்டியிருக்கும்.

அந்தக் கரைகளில் ஓர் உடைப்பும் தெரிந்தது. 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்பகுதியில் இடைவிடாமல் பெருமழை பெய்தது. பனியாற்றுக் கற்குவியலுக்குப் பின்னே தேங்கியிருந்த சிறிய ஏரி, ஜூன் 17-ஆம் நாள் காலை கரையை உடைத்துக்கொண்டு இறங்கியது. கோயிலைச் சுற்றியிருந்த ஊர் அழிந்தது. இராம்பாரா இருந்த இடம் தெரியாமற் போயிற்று. உத்தராகண்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். கோயிலின் பின்புறம் வந்து நின்ற பெரும்பாறை ஒன்று வெள்ளத்தை இரண்டாகப் பிளந்து கோயிலைக் காத்தது என்பர். வழிகள் எல்லாம் அறுந்துபோன அந்நாட்களில் சிக்கியவர்களை மீட்டவை ஹெலிகாப்டர்களே. மீட்புப் பணியில் ஈடுபட்டிருந்த விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்று ஜூன் 25 அன்று கௌரிகுண்டத்தின் அருகே விழுந்து, அதிலிருந்த இருபது பேரும் உயிர் நீத்தனர்.

இதனை ஏன் சொல்கிறேன்? தீயும் பனியும் உலவும் இடங்கள் வேடிக்கைப் பொருள்கள் அல்ல. நியூசிலாந்தில் வெள்ளைத்தீவு என்னும் எரிமலையைக் காணச் சென்றவர்கள் தீவில் நின்றுகொண்டிருந்த போதே, 2019 டிசம்பர் 9 அன்று, அது வெடித்தது. 22 பேர் மாண்டனர். கேதாரநாதத்திலிருந்து திரும்பிய பயண ஹெலிகாப்டர் ஒன்று 2025 ஜூன் 15 அன்று விபத்துக்குள்ளாகி, அதிலிருந்த ஏழு பேரும், கைக்குழந்தை உட்பட, இறந்தனர். காண விரும்புவது நல்லது. காணச் செல்லும் இடத்தின் இயல்பை அறிந்துகொண்டு செல்வது அதனினும் நல்லது.

கோயிலை வணங்கி வெளியே வந்து, ஒரு பாறையின் மேல் அமர்ந்தோம். நான் கண்டவற்றை எல்லாம் என் மனைவியிடம் ஆர்வத்தோடு விளக்கிக்கொண்டிருந்தேன். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்த அவர், “இங்கே கல்லைப் பார்த்து இது பனி செய்தது, இது ஆறு செய்தது என்று சொல்கிறீர்கள். நம் ஊர்க் குன்றைச் செய்தது எது? அந்தப் பையனுக்கு இன்னும் நீங்கள் விடை சொல்லவில்லையே” என்றார். முப்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை முறை அவரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேனோ! எனக்குப் பேச்செழவில்லை.

ஊர் திரும்பியதும் நூலகம் சென்றேன், தெரிந்தவர்களைக் கேட்டேன், கல்லைத் தேடி நடந்தேன். அவ்வாறு கற்றவற்றை ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

முதலில் தீ. மலைக்கோட்டை எரிமலை அன்று. எரிமலையிலிருந்து வெளிவரும் குழம்பு காற்றுப் பட்டு விரைவில் ஆறிவிடும். விரைவில் ஆறுவதால் அதில் படிகங்கள் வளர நேரமில்லை. கல் நுண்மையாக அமையும். மலைக்கோட்டையின் கல்லை அருகில் நின்று பாருங்கள். படிகங்கள் கண்ணுக்கே புலப்படும். பூமியின் ஆழத்தில், பெருஞ்சூட்டிலும் பேரழுத்தத்திலும், நெடுங்காலம் மெல்ல மெல்ல ஆறி இறுகிய கல் அது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்குக் குறையாத முதுமை உடையது. இமயம் எழத் தொடங்கியதோ ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். நம் குன்றின் முன்னே இமயம் ஒரு குழந்தை.

ஆழத்தில் பிறந்த கல் மேலே எவ்வாறு வந்தது? அதன் மேலிருந்த பாறைகள் வெயிலாலும் மழையாலும் காற்றாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்து அகன்றன. சுற்றியிருந்த கல்லில் வெடிப்புகள் மிகுதி. நீர் உட்புகுந்து அதனை மண்ணாக்கியது. வெடிப்புக் குறைந்த உறுதியான பகுதி மட்டும் எஞ்சி நின்றது. ஆகவே மலைக்கோட்டை தரையிலிருந்து எழுந்த மலை அன்று. தரை தாழ்ந்துபோக, தான் தாழாது நின்ற மலை. பொன்மலையும், திருவெறும்பூர்க் குன்றும், குளித்தலை அருகேயுள்ள ஐயர்மலையும் அதன் உடன்பிறப்புகளே.

உண்மையான எரிமலைக் கல்லைக் காண வேண்டுமானால் மராட்டிய நாட்டுக்குச் செல்லுங்கள். ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலம் பிளந்து, எரிகுழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்தது. இன்றும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை அது மூடியுள்ளது. எல்லோராவின் கயிலாசநாதர் கோயில், எட்டாம் நூற்றாண்டில், அந்த எரிகுழம்புக் கல்லைக் குடைந்து எடுக்கப்பட்டதே. நம் மலைக்கோட்டையில் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே மகேந்திரவர்மப் பல்லவன், எரிமலைக்குத் தொடர்பில்லாத இந்த முதுபெருங் கல்லைக் குடைந்து, காவிரியைப் பற்றிப் பேசும் கல்வெட்டோடு ஒரு குகைக்கோயிலை அமைத்தான். இரு சிற்பிகளின் உளிகளும் இரு வேறு உலகங்களைத் தொட்டன. இன்றும் உயிரோடு புகையும் எரிமலை நம் நாட்டில் ஒன்றே உண்டு. அது போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில் கடல் நடுவே உள்ள பாரன் தீவு. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிய அது 1991-ஆம் ஆண்டு மீண்டும் விழித்தது.

இனிப் பனி. இங்கேதான் என்னைப் பெரிதும் வியக்க வைத்த ஒரு மனிதர் வருகிறார். அவர் பெயர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. 1834-இல் இலண்டனில் பிறந்தவர். 1855-இல் தம் தமையனார் வில்லியம் பிளான்போர்டோடு இந்தியாவுக்கு வந்து, நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். மறு ஆண்டே சகோதரர் இருவரும், தியோபால்டு என்பவரும், ஒரிசாவில் தால்சேர் என்னும் இடத்து நிலக்கரிப் படுகையை ஆராயச் சென்றனர். அங்கே நிலக்கரிக்கும் கீழே, நுண்ணிய களிமண்ணின் இடையே, பெரும்பாறைகளும் சிறுகற்களும் தரம் பிரியாமல் கலந்து கிடந்தன. ஆறு இவ்வாறு செய்யாதே! மந்தாகினிக் கரையில் நான் கண்டதைத்தான், நினைவிருக்கிறதா, அவர்கள் அந்த வெயில் நாட்டில் கண்டனர். பனிக்கட்டி சுமந்து வந்த கற்கள் இவை என்று துணிந்து கூறினர்.

ஒரிசாவின் வெயிலில் பனியா என்று அறிஞர் பலர் ஐயுற்றனர். ஐரோப்பாவிலே பனிக்காலம் ஒன்று இருந்தது என்று லூயி அகாசி நூல் எழுதி அப்பொழுது பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னர், 1872-இல், பெண்கங்கை ஆற்றங்கரையில், பனி இழுத்துச் சென்ற கற்கள் கீறிய வரிகளோடு கூடிய பாறைத் தளம் ஒன்றைப் பெட்டன் என்பவர் கண்டார். ஐயம் குறைந்தது. ஆனால் வெயில் நாட்டில் பனி எவ்வாறு வந்தது என்னும் வினா நின்றது. அதற்கு விடை, ஆல்பிரட் வெகனர் 1912-இல் வெளியிட்ட கண்டப் பெயர்ச்சிக் கொள்கையிலிருந்து பிறந்தது. ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா இங்கே இல்லை. ஆப்பிரிக்கா, ஆசுத்திரேலியா, அண்டார்க்டிகா ஆகியவற்றோடு ஒட்டி, தென்துருவத்திற்கு அருகே கிடந்தது. பனி நம்மிடம் வரவில்லை. நாம்தான் பனியிலிருந்து வந்தோம்.

தால்சேரில் பனியைக் கண்ட அதே ஹென்றி பிளான்போர்டு, அடுத்த ஆண்டு, 1857-இல், எங்கே வந்தார் தெரியுமா? நம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற்கு! 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கேய், கன்லிப் என்னும் இரு ஆங்கில அதிகாரிகள் இப்பகுதியிலிருந்து கல்லான சிப்பிகளைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பியிருந்தனர். அவற்றின் தாயகத்தை ஆராயவே பிளான்போர்டு வந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், அரியலூர் ஆகிய ஊர்களைச் சுற்றினார். கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள அந்தப் புன்செய் நிலம் முழுவதும் பழைய கடலின் அடித்தளம் என்பதைக் காட்டினார். பாறை அடுக்குகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்று பெயரிட்டார். உலகெங்கும் நிலவியல் பயில்வோர் இன்றும் நம் ஊர்ப் பெயர்களைச் சொல்கின்றனர். நாம்தான் அறியாதிருக்கிறோம்.

ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்து இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்த காலத்தில், அக்கடல் உள்ளே புகுந்தது. காரையின் செம்மண் ஓடைகளில் நான் நடந்த போது, ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட சிப்பி உயிர்களின் கல்லுருவங்களைக் கண்டேன். கருடமங்கலத்துக் கல்லோ முழுவதும் சிப்பிகளால் ஆனது; மெருகேற்றினால் பளபளக்கும். அதனைத் திருச்சிச் சலவைக்கல் என்று அக்காலத்தார் அழைத்து, அலங்காரப் பொருள்கள் செய்தனர். சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. அதனை 1940-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியவர் ம. சீ. கிருஷ்ணன். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, நிலவியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநராக உயர்ந்தவர் அவர். அரியலூரின் மேலடுக்குகளோ, மராட்டிய நாட்டில் எரிகுழம்பு பாய்ந்த அதே காலத்தை ஒட்டியவை. பெரும் பல்லி இனங்கள் மடிந்த அந்தக் காலத்தின் சான்றுகள் அங்கே உள்ளன என்பதால் அறிஞர் இன்றும் வருகின்றனர்.

பிளான்போர்டின் கதை இன்னும் முடியவில்லை. நிலவியலை விட்ட அவர், 1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றிய போது அதன் முதல் தலைவரானார். 1884-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். இமயத்தில் குளிர்காலத்திலும் வேனிலிலும் பனி மிகுதியாகப் பெய்து நெடுநாள் கரையாதிருந்தால், அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை குன்றும் என்றார். இத்தொடர்பு எல்லாக் காலத்தும் ஒரே வலிமையோடு இருப்பதில்லை எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும், பருவமழையை முன்கூட்டி அறியும் கலை நம் நாட்டில் இந்த எண்ணத்தில்தான் பிறந்தது.

இது நமக்கு எவ்வாறு தொடர்புடையது? கங்கைக்கும் மந்தாகினிக்கும் பனி உண்டு; காவிரிக்குப் பனி இல்லை. குடகு நாட்டில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையே காவிரியின் தாய்ப்பால். அம்மழை மிகுந்தால், முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து, கொள்ளிடம் கரை புரளும். 1836-இல் ஆர்தர் காட்டன் அங்கே கட்டத் தொடங்கிய மேலணை, ஏறத்தாழ 180 ஆண்டுகள் நின்றது. 2018 ஆகஸ்டு 22 இரவு, அதன் கொள்ளிடப் பகுதியில் மதகுகள் சில இடிந்து வீழ்ந்தன. மறுநாள் ஊரே திரண்டு சென்று பார்த்ததை உங்களில் பெரியவர்கள் நினைவு கூர்வீர்கள். பின்னர்ப் புதிய கதவணை எழுந்தது. இமயத்துப் பனிக்கும் அம்மா மண்டபப் படித்துறையில் நாம் கால் நனைக்கும் நீருக்கும் உறவு தேடிய முதல் மனிதர், ஊட்டத்தூரில் சிப்பி பொறுக்கியவர் என்பது எத்துணை வியப்பு!

இன்னொருவரையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெர்டினாண்டு ஸ்டோலிச்கா, மொராவியா நாட்டவர். நம் மாவட்டத்துச் சிப்பிகளைக் கல்கத்தாவில் வைத்து ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, படத்தோடு விளக்கிப் பெருநூல் தொகுதிகள் எழுதியவர். 1863-இல் தொடங்கிய அப்பணி பத்து ஆண்டுகள் நீண்டது. அது முடிந்தபின், யார்க்கந்து நாட்டுக்குச் சென்ற குழுவில் சேர்ந்தார். திரும்பும் வழியில், 1874 ஜூன் மாதத்தில், லடாக்கின் உயர்ந்த பனிவெளியில், மூச்சுக் கோளாற்றால் மாண்டார். வயது 36. லே நகரில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு. வெகனரும் 1930 நவம்பரில் கிரீன்லாந்தின் பனியிலேயே உயிர் துறந்தார். நாம் இன்று சாளரத்தின் வழியே பத்து நிமிடத்தில் படிக்கும் எழுத்தை, இவர்கள் நடந்தே படித்து, உயிரையும் அதற்கே கொடுத்தனர்.

மாணவர்களே, ஒரு வேண்டுகோள். இந்தச் செல்வம் நாளுக்கு நாள் குறைகிறது. காரைக்குச் செல்வோர் ஆளுக்கொரு கல்லாகப் பையில் போட்டுக்கொண்டு வருகின்றனர். 2020-ஆம் ஆண்டு, பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம் அருகே, ஏரி மண்ணில் உருண்டைக் கற்கள் கிடைத்த போது, அவை பெரும் பல்லியின் முட்டைகள் என்று செய்தி பரவி, மக்கள் கூட்டமாகச் சென்றனர். வல்லுநர் வந்து பார்த்து, பழங்கடல் உயிர்களைக் கொண்ட கல்லுருண்டைகளே அவை என்று விளக்கினர். முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்தது. ஆனால் பத்துக் கோடி ஆண்டுக் கடல் அங்கேயே கிடந்தது. அதனைக் காண யாருமில்லை! கல்லை இருந்த இடத்தில் வைத்துப் படிப்பவனுக்கே அது பேசும். பெயர்த்துக் கொண்டு வந்து அலமாரியில் வைத்தால் அது ஊமையாகிவிடும். காணுங்கள், வரையுங்கள், படம் எடுங்கள். கல்லை அதன் இடத்திலேயே விட்டு வாருங்கள்.

ஹெலிகாப்டரில் ஏற எல்லார்க்கும் இயலாது. ஆனால் ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுள்ள நம் குன்றில் ஏறக் கால்கள் போதும். வீடணன் கொண்டுவந்த அரங்கனைத் தீவிலே தங்கவைத்துவிட்டுப் பிள்ளையார் ஓடி ஏறிய குன்று என்று புராணம் கூறும் அந்த உச்சியில் நின்று, வடக்கே பாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆறுகள் சுமந்து வந்த மணலால் ஆன சீரங்கத் தீவும், அதில் 236 அடி உயரம் எழுந்து நிற்கும் இராசகோபுரமும் தெரியும். அதற்கும் அப்பால் பழைய கடலின் நிலம். காலடியிலோ, அந்தக் கடலும், அந்தத் தீயும், அந்தப் பனியும் தோன்றுவதற்கு முன்பே இறுகிய கல். ஓய்வு பெற்றபின் ஆண்டுதோறும் சில பள்ளி மாணவர்களை அங்கே அழைத்துச் செல்கிறேன். அவர்கள் கேட்கும் கேள்விகளுள் விடை தெரியாதவற்றைத் “தெரியவில்லை, தேடிச் சொல்கிறேன்” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். முதல் முறை சொல்வதுதான் கடினம்.

1984-இல் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அந்த மாணவருக்கு இன்று ஐம்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். எங்கே இருக்கிறார் என்று அறியேன். 1939-ஆம் ஆண்டு மே 16 அன்று தொடங்கிய நம் திருச்சி வானொலி நிலையத்தின் குரல் எங்கெங்கோ செல்வது. ஒருகால் அது அவர் செவியிலும் விழுமாயின், இதனை அவருக்கென்றே சொல்கிறேன்:

தம்பி, மலைக்கோட்டை எரிமலை அன்று. ஆனால் உன் கேள்வி மிக நல்ல கேள்வி. அன்றே விடை தேடியிருந்தால், நாம் இருவரும் சேர்ந்து இவற்றையெல்லாம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே கற்றிருக்கலாம். அன்று உன்னைச் சிரிக்க வைத்தவர்களுள் முதல்வன் நான். அதற்காக வருந்துகிறேன். எங்கிருந்தாலும், உன் மக்கள் கேள்வி கேட்டால், அமர்ந்து கேள்.